சென்சருக்கு வாங்கின நெயில் பாலிசு

அந்தப் பை மேல கால வச்சிராத தாயி. கோவிச்சுக்காத, கூட்டத்துல உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். பாத்திரம் பண்டமா இருந்தா மிதிச்சாலும் நெளிவ எடுத்துக்கலாம். இது சென்சரு. ஆமா, சென்சருதான். என் வாயில அந்த வார்த்தை வர்றது உனக்குச் சிரிப்பா இருக்கா? சிரி. என் மூஞ்சியப் பாத்தா சந்தைக்குக் கீரை கொண்டு போறவ மாதிரித்தான் இருக்கும். நான் என்ன செய்யிறது, மூஞ்சிய மாத்தவா முடியும்?

இங்கிட்டு மடியில வச்சுக்கிறேன். நான் தேனி வரைக்கும். நீயும் தேனிதானா? நல்லதாப் போச்சு. இந்த ஜன்னல் பக்கம் வா, செத்த காத்தாவது வரும்.

இந்தா பாரு, இம்புட்டுத்தான். ஐஸ் குச்சியக் கொஞ்சம் அகலமாக்குன மாதிரி ஒரு தகடு, தலையில ஒரு வயரு. திராட்சைக் கொடிக்கு அடியில குத்தி வச்சிட்டா, மண்ணுல ஈரம் எம்புட்டு இருக்குன்னு தோட்டக்காரரு போனுல நம்பரா வந்துரும். எங்க பக்கம் பூராம் பந்தல் திராட்சைதான். பழுக்குற நேரத்துல தண்ணி கூடிப்போச்சுன்னா பழம் வெடிச்சுரும். கொறஞ்சா சுண்டிப்போகும். அதுனால இந்த நம்பரப் பாத்துத்தான் இப்ப மோட்டாரப் போடுறாக.

இத எங்க வீட்டுல செய்யிறோம். செய்யிறோம்னா, தகடு வெளியூர்ல இருந்து வந்துருது. வந்தபடியே மண்ணுல குத்துனா ஒரு அடைமழைக்குத் தாங்காது, செத்துப்போகும். அத வருசக்கணக்கா ஈரத்துக்குள்ளயே கெடந்தாலும் சாகாமப் பண்ணணும். அதுதான் வேலை. அந்த வேலையில என் மருமக வினோதினிய அடிச்சுக்க சுருளிப்பட்டிப் பக்கம் ஆளே கெடையாது. எந்தத் தோட்டத்துல வேணும்னாலும் கேட்டுப் பாரு.

ஆரம்பிச்சது என் மகன். சௌந்தரு. பைக்குல வந்தவன லாரி அடிச்சிருச்சு. அதப் பத்தி வேணாம். பேசுனா தேனி வரைக்கும் அழுதுக்கிட்டே வருவேன், பக்கத்துல உக்காந்த பாவத்துக்கு நீயும் அழுவ. அவன் போனதுக்கப்புறம் எல்லாரும் கடைய மூடுன்னாக. அவ மூடல. நானும் மூட விடல.

இப்ப அவளத்தான் கூட்டிட்டு வரப் போறேன். கோவிச்சுக்கிட்டுத் தேனியில அவ ஆத்தா வீட்டுல போயி உக்காந்திருக்கா. என்ன கோவம்னு கேளு. அதத்தான் நானும் கேக்குறேன். அவளுக்காக நான் ஊரையே எதுத்துப் பேசினேன் தாயி. சொந்தக் கொழுந்தன எதுத்துப் பேசினேன். வேற எந்த மாமியா பேசுவா சொல்லு? அதுக்கு அவ என்கிட்ட மூஞ்சிய முறிச்சுக்கிட்டுப் பஸ் ஏறிட்டா. நான் மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனச்சுராத. கேக்க மாட்டேன். கூட்டிட்டு வரப் போறேன், அம்புட்டுத்தான்.

எல்லாம் இந்த நெயில் பாலிசால வந்த வெனை.

உனக்குப் புரியணும்னா தண்ணி தகட்டுக்குள்ள எங்கிட்டுக் கூடி ஏறுதுன்னு மொதல்ல சொல்லணும். எல்லாரும் மேல இருந்து எறங்குதுன்னு நெனப்பாக. கெடையாது. தகட்டோட ஓரத்துல, வெட்டுன எடம் இருக்குல்ல, அங்கதான். பருத்திச் சேலை ஓரம் ஈரத்தரையில பட்டா முழங்கால் வரைக்கும் ஏறிரும்ல, அப்படி ஏறும். சௌந்தரு மொதல்ல, பசைய உருக்கி ஊத்துற குளூ கன்ன வச்சு ஓரத்த அடைச்சுப் பாத்தான். சித்திரை வெயிலுக்கு அது தோல் உரியிற மாதிரி உரிஞ்சு வந்துருச்சு. அப்புறம் பாத்ரூம் தொட்டிக்கு அடைக்கிற பசையக் கொண்டாந்தான். அது புளிச்ச காடி மாதிரி நாறும். நாறுறது போகட்டும், உள்ள இருக்குற செம்பத் தின்னு பச்சைப் பச்சையா களிம்பு பிடிச்சிருச்சு.

அப்ப நான் ஒரு யோசனை சொன்னேன். பைப்பு ஒழுகுனா ரெண்டு உருண்டையச் சேத்துப் பிசைஞ்சு அப்புவாகல்ல, அத வச்சு தகட்டப் பூராம் அப்பிரலாம்னு. அப்புனோம். நானே பிசைஞ்சு நானே அப்புனேன். ஒரு சொட்டுத் தண்ணி ஏறல. ஆனா நம்பரும் ஏறல. அம்புட்டுக் கனமா அப்பிட்டா வெளிய ஈரம் இருக்கா இல்லையான்னு அதுக்கே தெரியாதாம். தோட்டத்துல தண்ணி கணுக்காலுக்கு நிக்குது, போனுல வறண்டு கெடக்குன்னு காட்டுது. அந்தத் தோட்டக்காரரு மறுபடியும் மோட்டாரப் போட்டுட்டாரு. என்னையத் திட்டுனாக. தண்ணி ஏறாமப் பண்ணுன்னாக, பண்ணுனேன். அதுக்கு மேல அது என்ன நெனக்கும்னு நான் எங்கிட்டுக் கண்டேன்?

சௌந்தரு போன பெறகு வினோதினிதான் இந்த நெயில் பாலிசக் கண்டுபிடிச்சா. போனுல எவனோ சொன்னானாம். ஓரத்துல மெல்லிசா ஒரு பூச்சு. காயவிட்டு இன்னொரு பூச்சு. அதுக்கு மேல இன்னொண்ணு. தலைப்பக்கத்துக்கு, சூடு காட்டுனா சுருங்குற குழாய மாட்டி, அதுக்குள்ள ரெண்டு பாட்டிலக் கலந்து ஊத்துற பசைய ஊத்திரணும். அப்புறம் உப்புத் தண்ணி அண்டாவுல போட்டு ஊறவச்சுப் பாப்பா. அதுல பொழச்சதுதான் தோட்டத்துக்குப் போகும்.

மொதல்ல தண்ணிக் கலர்தான் வாங்குனா. கண்ணாடி மாதிரி இருக்கும். பூசுனா பூசுன எடம் தெரியாது. மயிரிழை அளவு விட்டுப்போனாலும் அங்கன கூடி ஏறிரும், தகடு போச்சு. ரெண்டு பேரும் டியூப் லைட்டுக்கு அடியில கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாத்தே எனக்குத் தலைவலி வந்துருச்சு. நான்தான் சொன்னேன், "ஏண்டி, செவப்பு வாங்கிட்டு வாயேன். விட்டுப்போன எடம் பளிச்சுன்னு தெரியும்ல."

அவ என்னையவே பாத்தா. "செவப்பா அத்த?"ன்னா.

"சென்சருக்குத்தானடி"ன்னேன்.

சிரிச்சா தாயி. சௌந்தரு போனதுக்கப்புறம் அவ பல்ல நான் பாத்தது அன்னைக்குத்தான். வேலைக்கு ஒரு வழி கெடச்ச சந்தோசம். எம்புட்டுப் பொறுப்புன்னு பாத்துக்க.

அதுல இருந்து கம்பத்துல ஒரு பேன்சி ஸ்டோருல மொத்தமா வாங்குவோம். கடைக்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா? புருசன் இல்லாத புள்ள செவப்புப் பாலிசா அள்ளிக்கிட்டுப் போகுதுன்னு அவன் சொல்ல, அது மூக்கு மொளச்சு காது மொளச்சு எங்க ஊருக்கு வந்து சேந்துச்சு. நான் கண்டுக்கல. எனக்குத் தெரியாதா என் மருமக எப்படின்னு? தலையில பூவு இல்ல, கழுத்துல ஒண்ணும் இல்ல. தோட்டத்துக்குப் போறப்ப முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸு. வீட்டுக்கு வந்தாலும் சாக்ஸக் கழட்ட மாட்டா. சிமிண்டுத் தரை சில்லுங்குதாம். கோடையில கூடப் போட்டிருப்பா. ஒடம்புல ரத்தம் செத்துப்போச்சு போலன்னு நான் சுக்கு தட்டிப் போட்டுக் கசாயம் வச்சுக் குடுத்தேன். ஒரு சொல்லுச் சொல்லாமக் குடிச்சா. அந்த மாதிரிப் புள்ளையத்தான் பேசுறாக.

இப்ப நாங்க நெயில் பாலிசே பூசுறதில்ல, அது வேற விசயம். அது ரெண்டாவது வருசத்துல கீறல் விடுது. மோட்டாருக்குக் காயில் கட்டுற கடையில ஒரு வார்னிசு பூசுவாகல்ல, காவிக் கலருல, போன அடைமழைக்கு முந்தியே அதுக்கு மாறிட்டோம். அதுலயும் விட்டுப்போன எடம் நல்லாத் தெரியும். வருசக்கணக்குக்குத் தாங்கும்னு காயில் கட்டுறவரே சொன்னாரு.

எங்க விட்டேன்? ஆங், ஊரு பேசுனது. என் கொழுந்தன் தவமணி வீட்டுல பேத்திக்குக் காதுகுத்து. வினோதினி வரலேன்னா. நீ ஏன் ஒளியணும், வாடின்னு நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். பந்தி முடிஞ்சு எல்லாரும் வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காக. தவமணி தொண்டையச் செருமுனான்.

"மதினி, புள்ள இந்த மாசமும் பாலிசு வாங்குச்சாம், ஊரு ஒரு மாதிரிப் பேசுது. வயசுப் புள்ள. அத அது ஆத்தா வீட்டுக்கு அனுப்பி வச்சிருங்க. அங்க போயி எந்தக் கலர வேணும்னாலும் பூசிக்கிரட்டும். நம்ம வாசலுக்கு வேணாம்."

எனக்கு எங்கிட்டிருந்துதான் அம்புட்டு ஆங்காரம் வந்துச்சோ. சொம்பத் தள்ளி விட்டுட்டு எந்திரிச்சேன். அவ கையப் பிடிச்சு மேல தூக்குனேன். "பாருங்கப்பா, நல்லாப் பாருங்க! வயர ஒட்டுற சாலிடர் சுட்ட தழும்பு இருக்கு, பசை ஒட்டி உரிஞ்ச தோலு இருக்கு. ஒரு பொட்டுச் செவப்பு இருக்கா? எவனுக்காவது கண்ணு இருந்தா வந்து பாருங்கடா!"ன்னேன். அதோட விட்டேனா? "அது பூராம் சென்சருக்கு வாங்குனது. இவ நகத்துல ஒரு சொட்டுப் பட்டுச்சுன்னு தெரிஞ்சா, அன்னைக்கே நானே இவள வாசல விட்டு எறக்கி விடுறேன். இது என் வாக்கு"ன்னேன். சபையில பேசுறப்ப அப்படி அடிச்சுப் பேசணும். அப்பத்தான் எடுபடும்.

என் ஓரகத்தி ஒருத்தி இருக்காளே, தவமணி பொண்டாட்டி, அவ விடாம, "கையப் பாத்தோம்க்கா, கால?"ன்னா.

"காலையும் பாருடி!"ன்னு சாக்ஸ உருவ நான் குனிஞ்சேன். வினோதினி கால வெடுக்குன்னு சேலைக்குள்ள இழுத்துக்கிட்டா. கூச்சம். பெரிய மனுசங்க உக்காந்திருக்குற எடத்துல காலத் தூக்கிக் காட்டுவாளா நல்ல புள்ள? "என் வாக்குப் போதாதா உனக்கு?"ன்னு கேட்டேன். போதும்னு அடங்கிட்டா. தவமணி வெத்தலைய மென்னுக்கிட்டுத் தலையக் குனிஞ்சிட்டான். நான் ஜெயிச்சுட்டேன் தாயி. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் தரையில கால் பாவல எனக்கு.

இவ என்னடான்னா, மக்கா நாள் காலையில பைய எடுத்து வச்சிருக்கா.

"எங்கடி?"ன்னேன்.

"அத்த, நான் பூசியிருந்தா நெசமாவே எறக்கி விட்டுருப்பீங்களா?"ன்னு கேட்டா.

"நீ பூசுறவளா இருந்தாத்தானடி அந்தப் பேச்சு"ன்னேன். எம்புட்டு நம்பிக்கையாச் சொன்னேன் பாரு! பெத்த மகளப் பத்திக் கூட எவளும் அப்படி அடிச்சுச் சொல்ல மாட்டா. அவ பையத் தூக்கிட்டு எறங்கிட்டா. போன் போட்டா எடுக்கல. அவ ஆத்தாதான் எடுத்து, நல்லா இருக்கா, தூங்குறாங்குது. எப்பப் பாத்தாலும் தூங்குவாளா ஒருத்தி?

என்ன அப்படிப் பாக்குற?

தெரியும், நீ என்ன கேக்கப் போறன்னு. வார்னிசுக்கு மாறுன பெறகும் எதுக்கு நெயில் பாலிசு வாங்குனா, அதான? கேளு. அதக் கேக்காம இருந்தா நீ மரமண்டை. நான் மரமண்டை. எனக்கு அது முந்தா நாள்தான் உறைச்சுச்சு.

தோட்டக்காரரு ஒருத்தரு போன் மேல போன். கொடி காய் பிடிக்கிற நேரம், சென்சரு வேணும்னு. சரி, நம்மளே பூசிக் குடுப்போம்னு உக்காந்தேன். இந்தப் பையில இருக்கே, எல்லாம் நான் பூசுனதுதான். அவகிட்டக் காட்டித் திருத்தம் இருக்கான்னு கேக்கணும். தூரிகை தேடி அவ சாலிடர் பெட்டியக் குடைஞ்சேன். பழைய பாலிசுப் பாட்டில் நாலஞ்சு காஞ்சு கட்டியாக் கெடந்துச்சு. அடியில ஒரு துணி. துணிக்குள்ள ஒண்ணு. காயல. புதுசு. பாதி தீந்திருந்துச்சு. நாங்க வாங்குறது கண்ணக் குத்துற செவப்பு. இது அந்தச் செவப்பு இல்ல. மருதாணி நல்லாப் பிடிச்சா ஒரு கலரு வரும்ல, அது.

அப்பத்தான் பூட்ஸு, சாக்ஸு, கசாயம் எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா மண்டையில எறங்குச்சு.

பொய் சொல்ல மாட்டேன், மொதல்ல கோவந்தான் வந்துச்சு. சபையில வாக்குக் குடுக்க வச்சு என்னைய முட்டாளாக்கிட்டாளேன்னு. சாக்கடையில ஊத்துறதுக்குத்தான் மூடியத் திருகுனேன். கலரு வெளிய வந்ததும் கை நின்னுபோச்சு.

என் வீட்டுக்காரரு சாகுறப்ப என் கையில மருதாணி இருந்துச்சு தாயி. ஆடி மாசம். மொத நாள்தான் அரைச்சு வச்சிருந்தேன். செக்கச்செவேல்னு செவந்திருந்துச்சு. பூவ எடுத்தாக, வளையல ஒடச்சாக, பொட்ட அழிச்சாக. மருதாணிய என்ன பண்ணுவாக? சாம்பல வச்சுத் தேச்சாக, புளிய வச்சுத் தேச்சாக. தோலு உரிஞ்சுச்சு, கலரு போகல. உள்ளங்கையில இருந்தது கொஞ்ச நாள்ல போயிரும். நகத்துல ஏறுனது போகாது. நகம் வளந்துதான் போகணும். பொங்கல் வரைக்கும் முந்தானைக்குள்ளயே கைய வச்சிருந்தேன். புள்ளைக்குச் சோறு ஊட்டுறப்பக் கூட யாராவது வந்தா மறைச்சுக்கிருவேன். கடைசியில நகத்து நுனியில ஒரு கீத்துத்தான் மிச்சம். அத வெட்டி எறிஞ்ச அன்னைக்குக் கொல்லையில உக்காந்து அழுதேன். பாத்தவுக பூராம் புருசன நெனச்சு அழுறான்னாக. அவருக்கு அழுதது வேற. இது எனக்கு அழுதது.

யாருகிட்டயும் சொன்னதில்ல. சௌந்தருகிட்டக் கூட. பஸ்ஸுல உன்கிட்டச் சொல்றேன் பாரு.

எனக்கு நகத்த மறைக்கத் தெரிஞ்சுச்சு. அவளுக்கு ஒரு படி மேல, கால மறைக்கத் தெரிஞ்சிருக்கு. சொந்த வீட்டுல, என் கண்ணு முன்னாடி, வேர்த்து வடிய வடிய சாக்ஸப் போட்டுக்கிட்டு. அவ யாருக்குப் பயந்தான்னு நெனக்கிற? தவமணிக்கா? அந்தப் பயலுக்கா பயப்படுவா! எனக்குத்தான் பயந்திருக்கா.

ஆனா இப்பவும் சொல்றேன், மன்னிப்புக் கேக்க மாட்டேன். ஏன்னு கேளு. அவ ஆத்தா வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, "தெரியாமச் சொல்லிட்டேன்டி"ன்னு சொன்னேன்னு வையி. அப்ப, தெரிஞ்சிருந்தா எறக்கி விட்டுருப்பேன்னு ஆயிரும்ல? அவ கேட்டுட்டுப் போனதே அதத்தான். முந்தா நாள்ல இருந்து சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், எப்படிச் சொன்னாலும் கோணலாத்தான் வருது. எனக்குச் சண்டை போடத்தான் வாய் பழகியிருக்கு.

அதுனால இந்தா. இதப் பிடி.

அந்தப் பாட்டில்தான். உன் நகமெல்லாம் எம்புட்டு நேர்த்தியா இருக்கு, ஏறுனதுமே பாத்தேன், உனக்குக் கை பழகியிருக்கும். நான் தகட்டுக்குப் பூசுவேன். எனக்கு நானே பூசத் தெரியல. காலையில பூசிப் பாத்தேன், தூரிகை அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது, அழிச்சுட்டேன். என்ன முழிக்கிற? அவ எனக்குக் கதவத் தொறக்குறப்ப மொதல்ல என் கையப் பாக்கணும். பேச்செல்லாம் அப்புறம்.

நகம் வெடிச்சுக் கெடக்குன்னு பாக்காத. சின்னமனூர்ல பஸ்ஸு செத்த நிக்கும், ஆடாது. அதுவரைக்கும் பையப் பையப் பூசு. பெருவெரல்ல இருந்து ஆரம்பி. நல்லாத் தெரியிற மாதிரிப் பூசு, அரைகுறையா வேணாம்.

என்னய்யா, முன் சீட்டுல இருந்து கழுத்த ஒடிச்சு ஒடிச்சுப் பாக்குறீக? ஆமா, புருசன் இல்லாதவதான். பேரன் பேத்தி எடுக்குற வயசுதான். எனக்குத்தான் பூசுறா, நல்லாப் பாத்துக்கங்க. என் மருமகளக் கூட்டப் போறேன். சாயங்காலம் ரெண்டு பேருமா எங்க ஊருல எறங்கி, தவமணி வீட்டு வழியாத்தான் நடந்து போவோம், அவ கால் நகம் பளிச்சுன்னு தெரிய, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு. யாரு எங்கள வாசல விட்டு எறக்குறான்னு நானும் பாக்குறேன்.

நீ அந்தாளப் பாக்காத தாயி, நீ பூசு. இன்னொரு கை இருக்கு.